சிவக்காத மஞ்சள்

5

பாகீரதி மாமி கேப்ஸ்யூலைத் திருகிப் பிரித்து, உள்ளே இருந்த மஞ்சள் பொடியை ஒரு எவர்சில்வர் மூடியில் தட்டினாள். இன்னொரு மூடியில் அவள் வீட்டுச் சமையல் மஞ்சள்பொடி இருந்தது. இரண்டிலும் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

"ஷிபின், சுண்ணாம்பை எடு."

"மாமி, அது எனக்க மத்தியான வெத்தில முறுக்கானுக்கு வெச்சிருக்கது" என்றான் மாமியின் விசாரணைகளுக்குக் கூட அலையும் ஷிபின்.

"ஒரு கொலைக்குக் குடுக்க மாட்டியா?"

"கொலைக்குன்னா பின்னே, முழுசா எடுத்துக்கிடுங்க."

மாமி சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு இரண்டு மூடியிலும் குழைத்தாள். வீட்டு மஞ்சள் சட்டென்று சிவந்தது. கேப்ஸ்யூல் பொடி சிவக்கவில்லை. முன்னைவிடப் பளிச்சென்று மஞ்சளாகவே நின்றது.

"பாத்தேளா ஹரி? கல்யாணத்துல ஆரத்தி கரைச்ச பொம்மனாட்டி யாரைக் கேட்டாலும் சொல்லுவா. சுண்ணாம்பு பட்டா மஞ்சள் சிவக்கணும். சிவக்கலேன்னா அது மஞ்சளே இல்லை."

பாட்டிலின் மேல் 'நூறு சதவீதம் சுத்த மஞ்சள் சாறு, பக்கவிளைவு கிடையாது' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒரு வெள்ளரிக்காயும் யோகாசனம் செய்யும் ஒரு பெண்ணும் கூட இருந்தார்கள்.

மாமிக்குத் தெரிந்த ரசாயனப் பேராசிரியர் ஒருவர் இன்னொரு கேப்ஸ்யூலைச் சோதித்து, காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். வாயில் நுழையாத பெயர். சாயம் தயாரிக்கவும் மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்கவும் பயன்பட்ட பொருள். உள்ளே போனால் உடம்பு தன்னையே எரித்துக்கொள்ளும். எடை குறையும், காய்ச்சல் ஏறும், மாற்று மருந்து கிடையாது.

"மரத்துக்குப் பூசுறத மனுசன் தின்னா ஒரு குணம் உண்டும் மாமி. கரையான் அரிக்காது" என்றான் ஷிபின். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும் சாரே" என்றான்.

நான் மன்னித்தேன். ஐந்து வாரமாக என்னிடம் யாரும் வேடிக்கையாகப் பேசவில்லை. எல்லாரும் மெல்லப் பேசினார்கள். அது இதைவிடக் கஷ்டமாக இருந்தது.

என் மனைவி மீரா ஐந்து வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வியாழக்கிழமை இல்லை. சான்றிதழில் காய்ச்சல் என்றுதான் எழுதியிருந்தது. போன வாரம் அவளுடைய கைப்பையைத் திறந்தபோது இரண்டே இரண்டு கேப்ஸ்யூல் மிச்சமிருந்த இந்தப் பாட்டிலும் ஒரு ரசீதும் கிடைத்தன. எடுத்துக்கொண்டு நேராகக் கிழக்கேகோட்டையில் மாமி வீட்டுக்கு வந்துவிட்டேன். பாகீரதி மாமி முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் செத்தவர்களை விசாரித்தாள். ஓய்வு பெற்றபின் கல்யாண மாப்பிள்ளைகளை விசாரித்தாள். இந்த ஊர்த் தமிழ்க் கல்யாணங்களில் பாதி நடந்ததற்கும் பாதி நின்றதற்கும் மாமிதான் காரணம்.

மாமி ரசீதை மறுபடி வாசித்தாள். "தூவல் வெல்னஸ் ஸ்டூடியோ, கழக்கூட்டம். ஜோடித் திட்டம். உறுப்பினர் செம்பருத்தி. ஜோடி முல்லை. பாட்டில் இரண்டு பெற்றுக்கொண்டேன். கீழே மீரா கையெழுத்து."

"செம்பருத்தி நம்ம சேச்சி" என்றான் ஷிபின். "முல்லை ஆரு?"

"அதுதான் கேள்வி. போனைப் பாத்தேளா ஹரி?"

"அது அவள் விரலைக் கேட்கிறது" என்றேன்.

மாமி ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அந்தக் கடைக்காரனை நாளைக்கும் பிடிக்கலாம், அவன் எங்கயும் போகமாட்டான்" என்று மாமி எழுந்தாள். "முல்லை யாரோ, அவ கையில ஒரு பாட்டில் இருக்கு. தெனம் அதைத் திங்கறா. அவளை இன்னிக்கே கண்டுபிடிக்கணும். வாங்கோ."

ஷிபினின் பழைய மாருதியில் கிளம்பினோம். மலையாள மீன மாதம், நம் பங்குனி வெயில். ஊரே வியர்த்துக்கொண்டிருந்தது, எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஷிபின் ஏ.சி.யை முழுக்கத் திருப்பினான். மாமி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கு அது போதவில்லை.

"சாப்பிட்டேளா?"

"சாப்பிட்டேன் மாமி. சாம்பார் கசந்தது. வெந்தயத்தைக் கருக்கியிருப்பேன். சமையல் எனக்கு இப்போதுதான் பழக்கம்."

மாமி திரும்பி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

தூவல் என்றால் மலையாளத்தில் இறகு. ஐ.டி. பார்க் பக்கத்தில், ஒரு ஜிம்முக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் நடுவில் அந்த ஸ்டூடியோ இருந்தது.

"பிசினஸ் தெரிஞ்சவன்" என்றான் ஷிபின். "ரெண்டு பக்கத்திலேருந்தும் ஆள் வரும்."

நடத்துகிறவன் பெயர் சுமந்த். முப்பது வயதிருக்கும். தமிழ்க்காரர்கள் என்று கண்டதும் தமிழுக்குத் தாவினான். மாமி என்னைத் தம்பி என்றாள், ஷிபினை டிரைவர் என்றாள். சுமந்த் மாமியை ஒரு மெஷின்மேல் ஏற்றினான். அது முனகியது, ஒரு பச்சை விளக்கும் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன.

"மேடத்துக்க வயசு?"

"அறுபத்திரண்டு."

"பாடி ஏஜ் எழுபத்தொம்போதுன்னு காட்டுது மேடம்."

"அப்போ பென்ஷனைக் கூட்டிக் குடுப்பாளா?"

சுமந்த் சிரிக்கவில்லை. பயமுறுத்துகிற இடத்தில் அவன் சிரிப்பதில்லை என்பதைக் கவனித்தேன். ஷிபினையும் ஏறச் சொன்னான். ஐம்பத்தொரு கிலோ. அதற்கும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சாருக்கு வெளியே தெரியாத கொழுப்பு உண்டு."

"அது வாயில இருக்கு" என்றாள் மாமி. "சரி, என்ன தருவேள்?"

"ஒண்ணுமில்ல மேடம். மஞ்சள். நம்ம வீட்டு மஞ்சள்தான். சயின்ஸ் மட்டும் சேர்த்திருக்கு." பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான். "ஆனா ஒற்றைக்கு எடுக்கமாட்டோம். ஜோடி வேணும். தனியா இருந்தா மோட்டிவேஷன் போயிடும். எல்லாருக்கும் ஒரு பூப்பேர். பிரைவசி, மேடம். என் சொந்த அம்மை வந்து கேட்டாலும் ஒரு பேர் சொல்லமாட்டேன்."

"ரொம்ப நல்லது. நீ திங்கறது உண்டா?"

"நான் எதுக்கு மேடம்? எனக்குத் தொப்பை இல்லல்லோ."

மாமி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "யோசிச்சுட்டு வரேன். பக்கத்து ஜிம்முல ஆளோட போட்டோவைக் காட்டறா. முன்னே, பின்னேன்னு. அதைப் பாத்தா ஒரு நம்பிக்கை வரது."

சுமந்த்தின் முகம் மாறியது. சொந்த அம்மாவுக்கு அசையாதவன் பக்கத்து ஜிம்முக்கு அசைந்தான். ஒரு நிமிஷத்தில் டேப்லெட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தான்.

"ஜிம்முக்காரன் காட்டுறது இன்டர்நெட் படம் மேடம். இது ஒரிஜினல். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை மெஷின்ல ஏறி நின்னு, காலும் நம்பரும் தெரியற மாதிரி போட்டோ அனுப்பணும். அதுதான் எங்க ரூல். இதோ பாருங்க, முல்லை! எங்க நம்பர் ஒன் ஸ்டார்! எழுபத்தெட்டு, எழுபத்தஞ்சு, எழுபத்தொண்ணு. மூணே ஞாயிறு. ஏழு கிலோ!"

நான் குனிந்து பார்த்தேன்.

வீடுகளில் வைத்திருக்கும் சின்ன எடை மெஷின். சிவப்புத் தரை. இரண்டு பாதங்கள். இடது பெருவிரல் நகத்தில் பிறைபோல ஒரு கறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் கிரைண்டர் குழவி நழுவி விழுந்த இடம். அன்று ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது, வலியை விட்டுவிட்டு, நான் மெதுவாக ஓட்டுகிறேன் என்று வழியெல்லாம் திட்டினாள். அந்த நகம் அப்புறம் சரியாகவே இல்லை. மெட்டி சாலைக் கடைத்தெருவில் நான் வாங்கியது.

"இவளோட ஜோடி எப்படி?" என்று மாமி கேட்பது எங்கோ தூரத்தில் கேட்டது.

"செம்பருத்தியா? கொஞ்சம் ஸ்லோ. அறுபத்தெட்டு, அறுபத்தாறு, அறுபத்திநாலு. ஆனா நல்ல டெடிகேஷன். ரெண்டாம் வாரத்துலேர்ந்து டபுள் பண்ணச் சொன்னேன், சூடு எடுக்குதுன்னு சொன்னாங்க. கொழுப்பு எரியுதுன்னு அர்த்தம்னு சொல்லிக் குடுத்தேன். இப்போ ரெண்டுபேரும் போட்டோ அனுப்பறதில்ல. ரிசல்ட் கிட்டினா ஆளுங்க நம்மளை மறந்திடுவாங்க மேடம்."

"அக்கா, போகலாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

காரில் உட்கார்ந்தபின்தான் சொல்ல முடிந்தது. "முல்லையின் கால் இல்லை அது. மீராவின் கால். தரையும் எங்கள் வீட்டுத் தரை."

ஷிபின் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே காலா? அப்போ எடை எப்படி மாறும் சாரே?"

மாமி கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். "எழுபத்தெட்டுல அறுபத்தெட்டு போனா பத்து. எழுபத்தஞ்சுல அறுபத்தாறு போனா ஒம்போது. எழுபத்தொண்ணுல அறுபத்திநாலு போனா ஏழு. பத்து, ஒம்போது, ஏழு. ஹரி, ஒங்காத்துல அரிசி எப்படி வாங்குவேள்?"

"பத்துக் கிலோ பையாக" என்றேன்.

"பையை இடுப்புல இடுக்கிண்டு நின்னிருக்கா. வாராவாரம் நீங்க ரெண்டுபேரும் சாப்பிடச் சாப்பிட முல்லை எளைச்சிருக்கா."

ஷிபின் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான். "அப்போ தூவல் கம்பெனிக்க நம்பர் ஒன் ஸ்டார் ஒரு பை மட்டையரிசி! என்ன டெடிகேஷன் மாமி! ஒரு நாளாச்சும் பட்டினி கெடந்திருக்குமா அது!"

நான் சிரித்துவிட்டேன். ஐந்து வாரத்தில் முதல் தடவை. சிரிக்கும்போதே மீதியும் புரிந்தது. ஏப்ரலில் அவளுடைய கல்லூரி பேட்ச் கூடுகிறது. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கப்போகிறவர்கள், வாட்ஸப்பில் பழைய படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோடி இல்லாமல் சேர்க்கமாட்டேன் என்று சுமந்த் சொல்லியிருப்பான். இளைக்க ஆசை என்று ஒரு சிநேகிதியிடமும் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். என்னிடமும் வெட்கம். அரிசிப் பையிடம் வெட்கமில்லை.

"நல்லதாப் போச்சு" என்றான் ஷிபின். "முல்லைன்னு ஒருத்தி இல்ல. ஆருக்கும் ஒண்ணும் இல்ல. இனி போலீசுக்குப் போய் அவனைத் தூக்க வேண்டியதுதான்."

மாமி சிரிக்கவில்லை.

"முல்லை இல்லை. முல்லையோட பாட்டில் உண்டே. ரெண்டு பாட்டிலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கா. ஒண்ணு கைப்பையில கெடச்சது. இன்னொண்ணு?"

"எறிஞ்சிருப்பாங்க."

"மீரா எதையும் எறிய மாட்டாள்" என்றேன். "பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைப்பாள்."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்." மாமி மெல்ல என் பக்கம் திரும்பினாள். "அவ அதை விஷம்னு நெனக்கலை, ஹரி. சுத்த மஞ்சள்னு நெனச்சா. நம்மாத்துல ஒரு பாட்டில் நெறைய நல்ல மஞ்சள் சும்மா கெடக்கு. அஞ்சறைப்பெட்டியில மஞ்சள் தீர்ந்துபோச்சு. ஒரு பொம்மனாட்டி என்ன பண்ணுவா?"

கார் அசையாமல் நின்றது. ஏ.சி.க்காற்று நேராக என் முகத்தில் அடித்தது. கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"காலரைத் திருப்பிக் காட்டுங்கோ."

திருப்பினேன். உள்பக்கம் மஞ்சளாக ஒரு வளையம்.

"பெல்ட்டுல புதுசா எத்தனை ஓட்டை போட்டேள்?"

"மூன்று. துக்கத்தில் இளைத்துவிட்டேன் என்று எல்லாரும்..."

"சாம்பார் கசக்கறதுன்னேள். வெந்தயம் ஒரு நாள் கருகும். தெனமுமா கருகும்? தூக்கம் உண்டா?"

"இல்லை."

"ஷிபின்" என்றாள் மாமி. "ஆஸ்பத்திரிக்கு விடு. முல்லை கெடச்சாச்சு."

ஹைவேயில் வழக்கமான நெரிசல். ஷிபின் ஒரு ஜோக்கும் சொல்லாமல் ஓட்டினான். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. மாமி முன்சீட்டிலிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினாள். மறுமுனையில் யாரோ, மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். "கேளு. கேக்கற நேரத்துக்குள்ள எத்தனை பேர் அதை முழுங்கறான்னும் சேத்துக் கேளு" என்று சொல்லி வைத்தாள்.

காஷுவாலிட்டியில் என்னை இறக்கிவிட்டு, என் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ஷிபின் கரமனைக்குப் பறந்தான்.

டாக்டர் இளம்பெண். அஸ்வதி என்று சட்டையில் எழுதியிருந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நூற்றிமூன்று. மனைவி இறந்தது எப்போது என்று கேட்டாள். ஐந்து வாரம் என்றேன். அவள் முகம் இளகியது.

"வைரல் ஃபீவர். கூடவே கொஞ்சம் டிப்ரெஷனும் உண்டு அங்கிள். பாரசிட்டமால் எழுதுறேன். நல்லா ரெஸ்ட் எடுங்க."

"போன மாசம் இவரோட ஆத்துக்காரிக்கும் இதையேதான் எழுதினா" என்றாள் மாமி. "குழந்தே, ஒரு அரைமணி பொறு."

"அம்மா, பின்னால க்யூ நிக்குது."

"நிக்கட்டும். அவா பொழைச்சுப்பா."

மாமி நோயாளியின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். எழுபத்தொன்பது வயது உடம்பை அங்கிருந்து நகர்த்த யாராலும் முடியவில்லை. முக்கால்மணி கழித்து ஷிபின் அஞ்சறைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தான். சட்டைப்பையில் அதே மாதிரி ஒரு பாட்டில். லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, கழுவி, மீரா அதில் கடுகு போட்டு வைத்திருந்தாள். ஐந்து வாரமாக நான் அதிலிருந்துதான் தாளித்துக்கொண்டிருந்தேன்.

மாமி டாக்டரின் மேஜைமேல் பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் வைத்து, தண்ணீர் தொட்டு, ஷிபினின் சுண்ணாம்பைக் குழைத்தாள். நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்தோம்.

மஞ்சளாகவே இருந்தது.

டாக்டர் அஸ்வதி ஒரு நொடி அந்தக் காகிதத்தையே பார்த்தாள். சொந்தக்காரர் யாருடைய கல்யாணத்திலாவது அவளும் ஆரத்தி கரைத்திருக்க வேண்டும். மாமி அந்த வாயில் நுழையாத பெயரை எழுதிய துண்டுச் சீட்டை நீட்டினாள். வாசித்ததும் அவள் என்னை அங்கிள் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "ஐஸ்! ஐ.சி.யூ. பெட்! சலைன் ஏத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது மாமியின் கையைப் பிடித்தேன். "அவளும் இதில்தான் சமைத்தாளா?"

மாமி பொய் சொல்லவில்லை. "கடைசி நாலஞ்சு நாள் இருக்கும். கேப்ஸ்யூலும் தின்னா, சமையல்லயும் தின்னா. ஒங்களுக்கு சிட்டிகை சிட்டிகையாத்தான் போயிருக்கு, ஹரி. அதனாலதான் இப்போ என்னோட பேசிண்டிருக்கேள்."

மூன்று நாள் ஐஸில் கிடந்தேன். நாலாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஷிபின் ஆரஞ்சோடு வந்தான்.

"போலீஸ் அவனைத் தூக்கியாச்சு சாரே. பின்னறையில ரெண்டு டிரம் பொடி. தேயிலைன்னு எழுதி கூரியர்ல வந்திருக்கு. மஞ்சள்னுதான் நம்பினேன்னு எஸ்.ஐ.கிட்ட அழுதான். பின்னே ஒரு கேப்ஸ்யூல் முழுங்கிக் காட்டுன்னு மாமி சொல்லிச்சு. அழுகைய நிறுத்திட்டான்."

"மாமி எங்கே?"

"அவனுக்க லிஸ்ட்டை வாங்கி வெச்சு ஒவ்வொரு பூவா போன் பண்ணுது. செம்பருத்தியும் முல்லையும் போக நாப்பத்திரண்டு பூ. முப்பத்தொம்போது பேர் போனை எடுத்தாச்சு, மூணு பேரைத் தேடுது. அதுல ஒரு பொண்ணு, மேடம் நீங்க எந்தக் கம்பெனி, அவன்கூட என்ன போட்டின்னு கேட்டிச்சு."

அவன் போனபின் நர்ஸ் சரோஜம் எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் ஏறி நின்றேன். எழுபது. போன மாசம், மீரா போவதற்கு முன், எண்பத்தொன்று இருந்தேன் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு போனாள்.

பக்கத்துக் கட்டிலில் மாமியாருக்குத் துணையிருந்த ஒரு பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பேச்சு. தயங்கித் தயங்கி என் கட்டிலருகே வந்தாள்.

"சாரே, பதினோரு கிலோவா? ஒரு மாசத்திலயா? என்ன மருந்து?"

நான் சொன்னேன். மஞ்சள், சுண்ணாம்பு, சாயம், மரம், மீரா, எல்லாம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கண் கலங்கியது. அய்யோ பாவம் சேச்சி என்றாள். கொஞ்ச நேரம் தன் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா சாரே," என்றாள் மெல்ல, "நீங்க சாகலையே?"

பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினேன்.

"உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.